வாழைச்சாற்றில் வைரஸ் ஜீனைக் காட்டுமா கையடக்கக் கருவி?

கேள்வி:

எங்கள் வீடு கன்னிவாடியில். தோட்டம் மேலே, பன்றிமலைப் பக்கம். காபிக்கும் மிளகுக்கும் நடுவே விருப்பாட்சி வாழை வைத்திருக்கிறேன். அப்பா காலத்தில் முடிக்கொத்து நோய் வந்து இருந்த வாழை மொத்தமும் போனது. பல வருடம் வாழையே வேண்டாம் என்று இருந்துவிட்டு, இப்போதுதான் திசு வளர்ப்புக் கன்று வாங்கி மறுபடி நட்டிருக்கிறேன். போன மாதம் ஒருவர் வந்தார். கையில் சர்க்கரை பார்க்கும் மெஷின் மாதிரியே ஒன்று. இலையைக் கசக்கி ஒரு சொட்டுச் சாறு விட்டால் போதும், வைரஸ் ஜீன் இருக்கிறதா இல்லையா என்று ரெண்டு நிமிஷத்தில் நம்பர் காட்டும், பி.சி.ஆர். எல்லாம் தேவையே இல்லை என்கிறார். முன்பணம் கட்டினால் அடுத்த மாதம் கருவி கைக்கு வருமாம். பி.எஸ்சி. வேதியியல் படிக்கும் என் மகளோ, "அப்பா, எலக்ட்ரோகெமிக்கல் பயோசென்சார்னு எங்க பாடத்துலயே இருக்கு, பொய் இல்ல" என்கிறாள். வாங்கலாமா? இது எப்படித்தான் வேலை செய்கிறது? வெளியே ஒன்றும் தெரியாத மரத்தில் உள்ளே நோய் இருந்தால் காட்டுமா?

— மலைவாழை விவசாயி, கன்னிவாடி

பதில்:

முதலில் காசு விஷயம். கட்டாதீர்கள்.

உங்கள் மகள் சொல்வதும் சரிதான். எலக்ட்ரோகெமிக்கல் பயோசென்சார் என்பது அறுபது வருடச் சரித்திரம் உள்ள நிஜ அறிவியல். வைரஸின் ஜீன் வரிசையை மின்னோட்டமாக மாற்றிக் காட்டும் கருவிகள் வெளிநாட்டு மருத்துவமனைகளில் ஓடிக்கொண்டும் இருக்கின்றன. ஆனால், கசக்கிய இலையின் சாற்றை அப்படியே சொட்டு விட்டு இரண்டு நிமிடத்தில் ஜீன் உண்டா இல்லையா என்று சொல்லும் கருவி எந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை. அது ஏன் அவ்வளவு சுலபமில்லை என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நாளைக்கு வேறொருவர் வேறொரு பெட்டியோடு மலையேறி வருவார். அப்போது என்ன கேட்பது என்று தெரிந்திருக்கும்.

உங்கள் தோட்டத்துக்கு வந்த நோயைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. மற்ற வாசகர்களுக்காக இரண்டு வரி. கீழ்ப்பழனி மலையில் 1970-கள் வாக்கில் ஏறக்குறைய 18,000 ஹெக்டேரில் மலைவாழை இருந்தது. முடிக்கொத்து நோய் புகுந்த பிறகு அது சுமார் 2,000 ஹெக்டேராகச் சுருங்கியது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன பழத்தின் கதி இது. 1940-ஐ ஒட்டி இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்கு வந்த வைரஸ் இது. வாழை அசுவினிதான் இதைச் சுமந்து திரிகிறது என்று ஆஸ்திரேலியாவில் மேகீ என்பவர் 1920-களிலேயே நிறுவிவிட்டார். ஆனால் அந்த வைரஸுக்குள் இருப்பது என்ன என்று தெரிய 1991 ஆயிற்று. வட்ட வட்டமாக, ஒற்றை இழை டி.என்.ஏ. மொத்தம் ஆறு வட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஆயிரத்துச் சொச்சம் எழுத்துகள். எழுத்து என்றால் ஏ, டி, ஜி, சி என்ற நாலுதான்; அவை எந்த வரிசையில் நிற்கின்றன என்பதுதான் அந்த வைரஸின் அடையாளம்.

அந்த வரிசையை எப்படிப் பிடிப்பது? ஏ எப்போதும் டியோடு சேரும். ஜி சியோடு சேரும். ஆகவே வைரஸின் டி.என்.ஏ.வில் ஒரு இருபது எழுத்துத் துண்டைத் தேர்ந்தெடுத்து, அதற்கு எதிர்ஜோடியான இருபது எழுத்து இழை ஒன்றை ஆய்வுக்கூடத்தில் செய்துகொள்ளலாம். இதைத்தான் புரோப் என்கிறார்கள். இருபது எழுத்துப் போதுமா என்று கேட்பீர்கள். நாலு எழுத்தை வைத்து இருபது இடத்தை நிரப்ப ஒரு லட்சம் கோடிக்கும் மேற்பட்ட வழிகள் உண்டு. வாழையின் சொந்த ஜீனோம் சுமார் 52 கோடி எழுத்து. அதற்குள் தற்செயலாக அதே இருபது எழுத்து அதே வரிசையில் வர வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே போதும்.

இந்தப் புரோப்பின் ஒரு முனையில் கந்தக அணு ஒன்றை ஒட்டுவார்கள். தங்கத்தைக் கண்டால் கந்தகம் விடாது. தங்க மின்முனையின் மேல் புரோப்களை வரிசையாக நட்டுவிட்டால், வைரஸின் டி.என்.ஏ. அந்தப் பக்கம் வரும்போது ஜோடி சேர்ந்து இரட்டை இழையாகும். இது நடந்ததை மின்னோட்டத்தில் பார்க்க, எலக்ட்ரானைக் கொடுத்து வாங்கும் மூலக்கூறு ஒன்று வேண்டும். ஃபெரோசீன், மெத்திலீன் புளூ இரண்டும் அதிகம் புழக்கத்தில் உள்ளவை. ஜோடி சேரும் முன்பு ஒரு மின்னோட்டம், சேர்ந்த பிறகு வேறு. அந்த வித்தியாசந்தான் திரையில் எண்ணாக வருகிறது.

இதற்கு வேர் ஆழமானது. செக்கோஸ்லோவாக்கியாவில் ஹெய்ரோவ்ஸ்கி 1922-இல் பாதரசச் சொட்டை மின்முனையாக வைத்து போலரோகிராஃபி என்ற முறையைக் கண்டுபிடித்து, அதற்காக 1959-இல் நோபல் பரிசும் வாங்கினார். அதே நாட்டின் பர்னோ நகரில் பாலெச்செக், டி.என்.ஏ.வே மின்முனையில் எலக்ட்ரான் வாங்கும் என்று 1960-இல் வெளியிட்டார். குறிப்பிட்ட வரிசையை மட்டும் பிடிக்கும் சென்சார் 1993-இல் வந்தது. 2003-இல் அமெரிக்காவில் பிளாக்ஸ்கோவும், மின்கடத்தும் பாலிமர்களுக்காக ஏற்கெனவே நோபல் வாங்கியிருந்த ஹீகரும் சேர்ந்து, ஃபெரோசீன் வால் கட்டிய புரோப் ஒன்றைச் செய்தார்கள். ஜோடி கிடைத்ததும் அந்தப் புரோப் விறைத்து நிமிரும், வாலில் உள்ள ஃபெரோசீன் மின்முனையை விட்டு விலகும், மின்னோட்டம் இறங்கும். வேறு எதையும் ஊற்றிக் கழுவ வேண்டியதில்லை. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த வேலை அதுதான்.

இவ்வளவும் உண்மையென்றால் இலைச்சாற்றுக்கு ஏன் முடியாது? இங்கேதான் அந்த முகவர் காட்டும் சர்க்கரை மெஷின் உங்களை ஏமாற்றுகிறது. ரத்தத்தில் சர்க்கரை 100 என்று காட்டினால், குண்டூசி முனையளவு ரத்தத்தில், அதாவது ஒரு மைக்ரோலிட்டரில், மூவாயிரம் லட்சம் கோடிக்கும் மேற்பட்ட குளுக்கோஸ் மூலக்கூறுகள் இருக்கின்றன. அதோடு ஸ்ட்ரிப்பில் ஒரு நொதி காத்திருக்கிறது. ஒரு நொதி மூலக்கூறு குளுக்கோஸை ஒன்றன்பின் ஒன்றாக நொடிக்கு நூற்றுக்கணக்கில் உடைத்துத் தள்ளும். இவ்வளவு சரக்கு இருந்தும், 1962-இல் கிளார்க்கும் லயன்ஸும் யோசனையை வெளியிட்டதிலிருந்து வீட்டில் வைத்துப் பார்க்கும் மின்வேதி ஸ்ட்ரிப் கடைக்கு வர 1987 ஆகிவிட்டது.

வைரஸ் ஜீன் கணக்கு வேறு. ஆய்வுக்கட்டுரைகளில் ஒரு ஃபெம்டோமோலார் வரை கண்டுபிடித்தோம் என்று எழுதினால் அது பெரிய சாதனை. அந்த அளவென்றால் ஒரு மைக்ரோலிட்டரில் சுமார் 600 மூலக்கூறு. ஐம்பது மைக்ரோலிட்டர் சொட்டு விட்டால் முப்பதாயிரம். ஒவ்வொன்றும் தவறாமல் ஜோடி சேர்ந்து, தலைக்கு இரண்டு எலக்ட்ரான் கொடுத்தால் அறுபதாயிரம் எலக்ட்ரான். ஒரு நானோ ஆம்பியர் மின்னோட்டம், அதுவே மிகச் சிறியது, ஒரு நொடி ஓட 600 கோடி எலக்ட்ரானுக்கு மேல் வேண்டும். அறுபதாயிரம் எலக்ட்ரானைக் கையடக்கப் பெட்டியில் தேடினால் இரைச்சலுக்குள் காணாமல் போகும். சர்க்கரை மாதிரி டி.என்.ஏ.வையே நொதியால் எரித்துப் பெருக்கவும் வழியில்லை. குளுக்கோஸ் மாதிரி டி.என்.ஏ. வரிசையாக வந்து எரியாது, வந்து ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கும்.

அதனால் எங்காவது பெருக்கியே ஆக வேண்டும். ஒன்று, சமிக்ஞையைப் பெருக்கலாம்: ஒட்டிய டி.என்.ஏ.வோடு ஒரு நொதியைக் கோத்து, அது எலக்ட்ரானை அள்ளித் தர வைக்கலாம். அல்லது ஜீனையே நகலெடுத்துப் பெருக்கலாம். பி.சி.ஆர். செய்வது இதைத்தான். 2000-ஆம் ஆண்டு ஜப்பானில் வந்த லாம்ப் என்ற முறையும் இதைத்தான் செய்கிறது. பி.சி.ஆர். போலச் சூட்டை ஏற்றி இறக்கத் தேவையில்லாமல், 60 முதல் 65 டிகிரியில் ஒரே சூட்டில் ஒரு மணி நேரத்துக்குள் கோடிக்கணக்கில் நகலெடுத்துவிடும்.

உங்களிடம் வந்தவர் "பி.சி.ஆர். தேவையில்லை" என்றதைக் கேட்டுச் சிரிப்புத்தான் வந்தது. கொரோனா காலத்தில் 2020 மார்ச்சில் அமெரிக்காவில் அவசர அனுமதி பெற்ற ஜென்மார்க் நிறுவனத்தின் கருவி, தங்க மின்முனையும் ஃபெரோசீன் புரோப்பும் வைத்து ஜீன் வரிசையைப் பிடிக்கும் அசல் மின்வேதி சென்சார். அதில் செருகும் கெட்டியான அட்டைக்குள்ளேயே மாதிரியைப் பிரிப்பது, பி.சி.ஆர். செய்வது எல்லாம் முடிந்த பிறகுதான் கரைசல் மின்முனைக்கு வரும். வீட்டிலேயே பார்க்கும்படி வந்த கியூ என்ற இன்னொரு கருவியும் சூட்டில் நகலெடுத்துவிட்டுத்தான் மின்முனையில் அளந்தது. கொரோனா ஓய்ந்ததும் விற்பனை விழுந்து 2024-இல் அந்த நிறுவனமே மூடிவிட்டது. நம் ஊரில் காசநோய்க்கும் கொரோனாவுக்கும் பார்த்த ட்ரூநாட் பெட்டி பேட்டரியில் ஓடும் நல்ல கருவி. ஆனால் அது ஒளியை அளக்கும் பி.சி.ஆர்.; மின்வேதி இல்லை. பெட்டி சின்னதாக இருக்கிறது என்பதற்காக எல்லாம் ஒரே ஜாதி ஆகிவிடாது.

இனி வாழைச்சாறு. வேட்டியில் பட்டால் போகவே போகாத அந்தக் கறைதான் இந்தத் துறையில் எங்களுக்கு முதல் எதிரி. வாழை நடுநரம்பைச் சின்னக் குழாயில் போட்டு நசுக்கிப் பாருங்கள். முதலில் நீர் மாதிரி இருக்கும். சில நிமிடத்தில் கண்ணெதிரே பழுப்பேறும். சாற்றில் உள்ள பாலிஃபீனால்கள் காற்றோடு சேர்ந்து ஆக்சிஜனேற்றம் ஆவதுதான் அந்தப் பழுப்பு. ஆக்சிஜனேற்றம் என்றாலே எலக்ட்ரானை இழப்பது. அதாவது மின்முனை எதிர்பார்த்துக் காத்திருக்கும் அதே வேலையை வாழைக்கறை தானாகவே செய்கிறது. நோயே இல்லாத கன்றின் சாற்றை மின்முனையில் விட்டாலும் அழகான உச்சி ஒன்று திரையில் எழும். பார்ப்பவர் "இதோ வைரஸ்" என்று சொல்லலாம். மறுக்க உங்களிடம் எதுவும் இருக்காது. இன்னொரு வேடிக்கை: 1985-இல் அமெரிக்காவில் இரண்டு பேர் வாழைப்பழச் சதைத் துண்டையே ஒரு எலக்ட்ரோடில் ஒட்டி, டோபமைனை அளக்கும் சென்சாராக்கி, அதற்கு "பனானாட்ரோடு" என்று பெயரும் வைத்தார்கள். வாழைக்குள் அவ்வளவு மின்வேதி இருக்கிறது.

இந்தக் கறை பி.சி.ஆர். நொதியையும் முடக்கும். அதனால்தான் வாழை மாதிரி கையில் வந்ததும் ஆய்வுக்கூடங்களில் முதலில் அதோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். பாலிஃபீனாலைப் பிடித்துவைக்கும் பி.வி.பி., பழுப்பேறாமல் தடுக்கும் சல்ஃபைட் உப்பு எல்லாம் சேர்த்து அரைத்து, டி.என்.ஏ.வைத் தனியே பிரித்து, கழுவி எடுத்த பிறகுதான் சோதனை. எந்த வைரஸ் சென்சாரையும் எடைபோட என் அளவுகோல் இதுதான்: எண் காட்டும் பெட்டியைப் பார்க்காமல், அதற்கு முன்னால் மாதிரியை என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பேன். பெட்டியை இன்று எந்தப் பொறியியல் கல்லூரி மாணவரும் சில ஆயிரம் ரூபாயில் செய்துவிடுவார்.

அடுத்து, உங்கள் கடைசிக் கேள்வி. வெளியே ஒன்றும் தெரியாத மரத்தில் காட்டுமா? பதில் எந்த இலையிலிருந்து எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அசுவினி கடித்து வைரஸ் உள்ளே போனதும் அது உணவு கடத்தும் குழாய் வழியாகக் கீழே இறங்கி, அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் புதுத் திசுவுக்குப் போகும். நோய் வருவதற்கு முன்பே விரிந்துவிட்ட இலையில் அறிகுறி வராது. ஆகவே கைக்கு எட்டுகிறது என்று அடியில் தொங்கும் பழைய இலையைக் கசக்கி எவ்வளவு நல்ல கருவியில் விட்டாலும் "இல்லை" என்று வர வாய்ப்பு அதிகம். கடைசியாக விரிந்த இலையின் நடுநரம்பு அல்லது காம்புதான் எடுக்க வேண்டிய இடம். கடித்த நாளிலிருந்து அறிகுறி வெளியே தெரிய மூன்று நாலு வாரத்திலிருந்து மாதக்கணக்கில்கூட ஆகலாம். அந்த இடைவெளியில் நல்ல பி.சி.ஆர். சோதனை உள்ளே இருப்பதைப் பிடித்துவிடும். ஜீன் சோதனைக்கு உண்மையான மதிப்பு இந்த இடைவெளியில்தான். அறிகுறி வந்துவிட்ட மரத்துக்குச் சோதனையே வேண்டாம். உங்கள் கண் போதும்.

ஜீன் இருந்தால் நோய் இருக்கிறது என்று அர்த்தம்தானே என்று உங்கள் மகள் கேட்கக்கூடும். முடிக்கொத்து வைரஸுக்கு அது சரி. எல்லா வாழை வைரஸுக்கும் சரியில்லை. வாழைக்கு ஸ்ட்ரீக் வைரஸ் என்று இன்னொன்று உண்டு. காட்டு வாழையான பல்பிசியானாவின் வழியில் வந்த ரகங்கள் சிலவற்றில், எந்தக் காலத்திலோ இந்த வைரஸின் டி.என்.ஏ. வாழையின் சொந்தக் குரோமோசோமுக்குள்ளேயே போய் ஒட்டிக்கொண்டுவிட்டது. நம் விருப்பாட்சியிலும் பல்பிசியானா வழிப் பங்கு உண்டு. இப்படிப்பட்ட ரகத்தில் ஸ்ட்ரீக் வைரஸின் ஜீன் வரிசையைத் தேடினால், முழு ஆரோக்கியமான மரமும் "உண்டு" என்று சொல்லக்கூடும். அதனால் அந்த வைரஸுக்கு முதலில் வைரஸ் துகளை ஆன்டிபாடியால் பிடித்து வைத்துக்கொண்டு, அதற்குள் இருக்கும் டி.என்.ஏ.வை மட்டும் சோதிக்கிறார்கள். வெள்ளரி மொசைக், பிராக்ட் மொசைக் என்ற வேறிரண்டு வாழை வைரஸ்கள் ஆர்.என்.ஏ. வகை, அவற்றை டி.என்.ஏ.வாக மாற்றிய பிறகுதான் வழக்கமான பி.சி.ஆர். ஓடும். "எல்லா வைரஸும் ஒரே ஸ்ட்ரிப்பில்" என்று யாராவது சொன்னால், மேற்கொண்டு பேசவே வேண்டியதில்லை.

இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இது வியாபாரிகள் சொல்லாத கணக்கு. கருவி 95 சதவீதம் சரியாகச் சொல்லும் என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாக இருக்கிறது. உங்கள் தோட்டத்தில் 200 மரம். அதில் நாலில்தான் உள்ளே நோய். நாலையும் பிடித்துவிடும் என்றே வைப்போம். மீதி 196 நல்ல மரத்தில் ஐந்து சதவீதம், ஏறக்குறைய பத்து மரத்தைப் பார்த்தும் "நோய்" என்று சொல்லும். சிவப்பு எண் காட்டிய பதினாலையும் வெட்டினால், வெட்டியதில் பத்து நல்ல மரம். ஆகவே இப்படிச் சோதனையில் சிக்கியதை வேறு முறையில் மறுபடி ஒருமுறை பார்க்காமல் கத்தியை எடுக்கக் கூடாது.

அப்படியானால் இப்போது என்ன செய்வது?

கன்றிலிருந்து தொடங்குங்கள். திசு வளர்ப்புக் கன்று என்றாலே நோயில்லாதது என்ற நம்பிக்கை நம் ஊரில் பரவலாக இருக்கிறது. அது தவறு. தாய்மரத்தில் வைரஸ் இருந்தால் குடுவையில் வளர்ந்த ஆயிரம் கன்றிலும் அது பெருகி வரும். ஆகவே தாய்த்திசுவையும் கன்றுத் தொகுதியையும் வைரஸ் சோதனை செய்திருக்க வேண்டும். இதற்காகவே மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2006-இல் திசு வளர்ப்புக் கன்றுகளுக்குத் தேசியச் சான்றளிப்பு முறையைக் கொண்டுவந்தது. அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் தொகுதி வாரியாகச் சோதித்துச் சான்று தருகிறார்கள். நீங்கள் வாங்கிய இடத்தில் அந்தத் தொகுதிக்கான சான்றைக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் அடுத்த முறை வேறு இடம் பாருங்கள். மலைவாழையை மறுபடி மலையேற்றியதே இப்படிச் சோதித்து வளர்த்த கன்றுகள்தான். அதில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பங்கு பெரியது.

பிறகு தோட்டத்தில் கண் வையுங்கள். வாரம் ஒருமுறை, வெயில் சாயும் நேரத்தில், புதிதாக விரிந்த இலையின் அடிப்பக்கத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடுநரம்பிலும் காம்பிலும் கரும்பச்சைப் புள்ளியும் கோடுமாக, தந்திக் குறியீடு போல விட்டுவிட்டு ஓடினால் அது முடிக்கொத்துதான். இலைப்பரப்பின் சின்ன நரம்புகள் நடுநரம்பில் சேரும் இடத்தில் தூண்டில்முள் போல வளைந்து இறங்குவது இன்னொரு அடையாளம். இலை குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாகும் வரை காத்திருந்தால் அதற்குள் அசுவினி பக்கத்துக்குப் போயிருக்கும். ஆஸ்திரேலியாவில் கணக்கெடுத்தபோது, புதிதாக நோய் கண்ட மரங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, பழைய நோய்மரத்திலிருந்து இருபது மீட்டருக்குள்ளேயே இருந்தன. எனவே ஒரு மரத்தில் கண்டால் அதைச் சுற்றி இருபது மீட்டரை அலசிப் பாருங்கள்.

பிடுங்கும்போது ஒரு ஒழுங்கு உண்டு. மரத்தை முதலில் ஆட்டினால் அசுவினி வேறு மரத்துக்குப் போய்விடும். குருத்திலும் மட்டை இடுக்கிலும் மருந்தடித்து முதலில் அசுவினியைக் கொல்ல வேண்டும். எந்த மருந்து, எவ்வளவு என்பதைத் தோட்டக்கலை அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதன் பிறகு கிழங்கோடு, பக்கக்கன்றோடு தோண்டி எடுக்க வேண்டும். அந்தக் குத்திலிருந்து ஒரு கன்றும் யாருக்கும் போகக் கூடாது. நல்ல கன்று என்று நினைத்து உறவுக்காரருக்குக் கொடுத்து அனுப்பியதிலேயே இந்த நோய் மலை விட்டு மலை தாவியிருக்கிறது.

சந்தேகமான மரம் இருந்து, அறிகுறி தெளிவாக இல்லையென்றால்தான் ஆய்வுக்கூடம். திருச்சி தாயனூரில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. உங்களுக்கு இன்னும் பக்கத்தில் தடியன்குடிசைத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம். காந்திகிராமத்தில் வேளாண் அறிவியல் மையம். உங்கள் கன்னிவாடியிலேயே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் நெடுங்காலமாக விவசாயிகளோடு வேலை செய்கிறது. யாரிடம் கேட்டாலும் மாதிரி எப்படி அனுப்புவது என்று சொல்வார்கள். முதலில் ஃபோன் செய்துவிட்டுப் போங்கள். கன்றை வேரோடு தூக்கிக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். அசுவினியும் உங்களோடு டிக்கெட் இல்லாமல் வரும்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த முகவர் மறுபடி வந்தால், விரட்ட வேண்டாம். ஒரு சோதனை வையுங்கள். அறிகுறி நன்றாகத் தெரியும் மரத்திலிருந்து ஐந்து, நோயே நுழையாத வேறு தோட்டத்திலிருந்து ஐந்து, பத்து இளநரம்புத் துண்டுகளைக் காகிதத்தில் சுற்றி எண் மட்டும் எழுதிக் கொடுங்கள். எது எது என்று உங்கள் மகளுக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும். எத்தனை நோய், எத்தனை நல்லது என்றும் சொல்லாதீர்கள். காசைச் சுண்டிவிட்டுச் சொன்னால் பத்தும் சரியாக வர 1,024-இல் ஒரு வாய்ப்பு. பத்துக்குப் பத்து சொல்லிவிட்டால் எனக்கு எழுதுங்கள். நானே வந்து பார்க்கிறேன். அவர் பெட்டியில் சூடேற்றும் பகுதி இருக்கிறதா, டி.என்.ஏ. பிரிக்கும் கரைசல் இருக்கிறதா, ஒவ்வொரு முறையும் நல்ல மாதிரி ஒன்றையும் நோய் மாதிரி ஒன்றையும் கூடவே ஓட்டுகிறாரா, வைரஸின் எந்த ஜீனைப் பிடிக்கிறது என்று சொல்லத் தெரிகிறதா என்பதையும் கவனியுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். முடிக்கொத்து வைரஸில் இரண்டு பெரிய கூட்டம் உண்டு. இந்தியாவில் இருப்பது பசிபிக், இந்தியப் பெருங்கடல் கூட்டம். தென்கிழக்கு ஆசியாவில் இருப்பது வேறு. இரண்டுக்கும் எழுத்து வரிசை கொஞ்சம் மாறும். வெளியூர்க் கூட்டத்துக்குச் செய்த புரோப் நம் வைரஸோடு சரியாக ஜோடி சேராமல் போகலாம்.

மலைவாழைக்கு இப்படி ஒரு கருவி வரவே வராது என்று நான் சொல்லவில்லை. லாம்ப் முறையில் ஒரே சூட்டில் நகலெடுத்து, கார்பன் மையால் அச்சிட்ட மலிவு மின்முனையில் அளப்பது நாற்றங்கால் வாசலில் நடக்கக்கூடிய காரியம்தான். தாய்மரம் தேர்வு செய்யும் இடத்தில், கன்று லாரி ஏறும் இடத்தில் அதற்கு நிஜமான வேலை இருக்கிறது. தோட்டத்தில் மரத்துக்கு மரம் குத்திப் பார்க்கும் சாமானாக அது வருமென்று எனக்குத் தோன்றவில்லை. வந்தாலும் உங்களுக்கு அது தேவைப்படாது.

உங்கள் மகளுக்கு ஒன்று. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்டது. அங்கே வேதி மற்றும் மின்வேதிப் பொறியியலில் பி.டெக். படிப்பும் உண்டு. ஆண்டுதோறும் செப்டம்பரில் சி.எஸ்.ஐ.ஆர். நிறுவன நாளை ஒட்டிப் பார்வையாளர்களை அனுமதிப்பார்கள். போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். கல்லூரிக் கடைசி ஆண்டு புராஜெக்டுக்கு வைரஸைத் தொட வேண்டாம். நோயில்லாத விருப்பாட்சி, ரஸ்தாளி, பூவன் மூன்றின் நடுநரம்புச் சாற்றையும் எடுத்து, அரைத்த உடனே, அரை மணி கழித்து, சல்ஃபைட் சேர்த்து என்று மாற்றி மாற்றிக் கார்பன் மின்முனையில் அளந்து பார்க்கட்டும். கறையின் உச்சி எந்த வோல்ட்டில் எழுகிறது, மெத்திலீன் புளூ வேலை செய்யும் வோல்ட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று ஒரு அட்டவணை போட்டாலே போதும். நம் மலைவாழைக்குச் சென்சார் செய்ய உட்காருபவருக்கு முதலில் தேவைப்படுவது அந்த அட்டவணைதான்.